மழைக்காலக் கூடைப்பந்து: எந்த 2கே, எந்தக் கருவியில்?

தமிழ்நாட்டின் பிற பகுதிகள் பெரும்பாலும் ஒரு மழைக்காலத்தோடு நின்றுவிட, குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பயிருக்கும் ரப்பருக்கும் அது நல்லது. திறந்தவெளியில் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கோ ஆண்டுக்கு இரண்டு முறை ஆட்டம் நின்றுபோகிறது. சிமெண்டுத் தளத்தில் பாசி பிடித்துவிட்டால் வேகமாக ஒரு திருப்பம் எடுக்கிறவன் முழங்காலைப் பணயம் வைக்கிறான் என்று பொருள். நாகர்கோவிலில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவரும் நான், தளம் ஈரமாக இருக்கும் நாட்களில் யாரையும் இறங்க விடுவதில்லை.

அப்படி ஆட்டம் இல்லாத ஓர் ஆனி மாத மாலையில்தான் பார்வதிபுரத்தில் இருக்கும் என் அக்காள் மகன், "மாமா, எனக்கு 2கே வாங்கித் தரணும்" என்று கேட்டான். அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-யைத் திரையில் ஆட வைக்கும் வீடியோ கேம் அது. அவன் பிளஸ் ஒன் படிக்கிறான், பள்ளி அணியில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். "வாங்கலாம் மக்களே, ஆனா எதுல வெளயாடப் போற, அதுல என்ன வெளயாடப் போற?" என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவனிடம் விடை இல்லை. அக்காவுக்கு விலையைப் பற்றிய கவலை, எனக்கு வேறு கவலை. அந்த ஒரு வாரம் நாங்கள் எடைபோட்டுப் பார்த்தவற்றை, இதே கேள்வியோடு நிற்கும் பிற வீடுகளுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

உண்மைக்கு நெருக்கமான கூடைப்பந்து ஆட்டம் வேண்டும் என்பவருக்கு இன்று பெரிய திரையில் வேறு தொடர் இல்லை. 1999ஆம் ஆண்டு சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கருவிக்காக, என்பிஏ ஆட்டக்காரர் ஆலன் ஐவர்சனை அட்டையில் போட்டு வெளிவந்த என்பிஏ 2கே, 2005இல் டேக்-டூ நிறுவனத்தின் கைக்கு மாறியது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பதிப்பு வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு ஈடுகொடுத்த ஈஏ நிறுவனத்தின் என்பிஏ லைவ் தொடர், 2010இல் 'எலீட் 11' என்ற பெயரில் வரவிருந்த பதிப்பைக் கடைசி நேரத்தில் கைவிட்டதிலிருந்து தடுமாறி, 2018இல் வந்த 'லைவ் 19'உடன் கன்சோல்களில், அதாவது தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் கருவிகளில், நின்றுபோனது. எனவே எந்த ஆட்டம் என்ற கேள்விக்கே இடமில்லை. எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தக் கருவி, அந்தப் பதிப்புக்குள் எந்தப் பகுதி என்பவையே உண்மையான தெரிவுகள். என் அனுபவத்தில் மூன்றாவது கேள்விக்கு முதலில் விடை கண்டால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

இந்த ஆட்டத்தின் பலம் எதில் இருக்கிறது என்பதை பிக் அண்ட் ரோல் என்ற ஒரே ஒரு தாக்குதலை வைத்துச் சொல்கிறேன். பந்து உங்கள் கார்டின் கையில், மூன்று புள்ளி வளைகோட்டுக்கு வெளியே நடுவில் இருக்கிறது. இடது கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் உங்கள் அணியின் உயரமான ஆட்டக்காரரான சென்டர் மேலே வந்து, உங்களைக் காப்பவனை மறித்து ஸ்கிரீன் போடுகிறார். நீங்கள் அவர் தோளை உரசிக்கொண்டு வலப்பக்கம் இறங்கும்போது, எதிரணியின் உயரமான ஆட்டக்காரர் ரிங்கைக் காக்கப் பின்வாங்கி நிற்கிறார். அவர் பின்வாங்கியதால் இலவச எறிதல் கோட்டருகே உங்களுக்கு ஓர் இடைவெளி கிடைக்கிறது. அங்கே எம்பினால் சுலபமான இரண்டு புள்ளி. ஆனால் அதே நொடியில் வலது மூலையில் நிற்பவரைக் காக்க வேண்டியவன் ஓர் அடி உள்ளே வைத்துவிட்டான் என்பதைக் கவனித்தீர்களென்றால், பந்து மூலைக்குப் போக வேண்டும், மூன்று புள்ளி. இவ்வளவும் 24 நொடிக் கடிகாரத்தில் நான்கைந்து நொடிக்குள் நடந்து முடிகிறது. நான் தளத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, நாலு பேரை நிறுத்தி, தொண்டை வற்றக் கத்திச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். திரையில் அந்தப் பையன் அதே தவற்றை ஒரு மாலையில் நாற்பது முறை செய்து, நாற்பத்தோராவது முறை தானாகவே மூலையைப் பார்க்கிறான்.

அடுத்த பலம் ஆட்டக்காரர்களின் உடல்மொழி. 2கே24 முதல் 'புரோபிளே' என்ற தொழில்நுட்பத்தின் வழியாக உண்மையான என்பிஏ ஒளிப்பதிவுகளிலிருந்தே அசைவுகளை எடுத்து ஆட்டத்துக்குள் கொண்டுவருகிறார்கள். ஸ்டீபன் கர்ரி பந்தைப் பிடித்த வேகத்திலேயே விடுவதும், நிகோலா யோகிச் ஒற்றைக் காலில் சாய்ந்துகொண்டு எறிவதும் அவரவருக்கே உரிய தாளத்தோடு வருகின்றன. எறியும் தருணத்தைக் காட்டும் ஷாட் மீட்டர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் நிரம்புவதால், ஒருவரின் எறிதலைக் கண்ணால் பார்த்துப் பழகினால்தான் விரலை எப்போது எடுக்க வேண்டும் என்பது பிடிபடும்.

இங்கே பயிற்சியாளனாக ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துவிட வேண்டும். திரையில் பழகுவது கண்ணும் முடிவெடுக்கும் திறனும் மட்டுமே, கை பழகுவதில்லை. என்பிஏ-யின் மூன்று புள்ளிக் கோடு நடுவில் 7.24 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் பன்னாட்டு விதிப்படி அது 6.75 மீட்டர். என் மருமகன் திரையில் கண்ட தொலைவிலிருந்தே தளத்திலும் எறிந்து பார்க்கத் தொடங்கி, வலு போதாமல் முழங்கையை வெளியே விரித்து, பல மாதங்களாகச் சீராக்கிவைத்த எறிதலை இரண்டே வாரத்தில் கெடுத்துக்கொண்டான். அதைத் திருத்த மறுபடியும் ரிங்குக்கு அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

எரிச்சல்களில் முதலாவது, உண்மைத்தன்மையின் விலையாகவே வருகிறது. ஓர் அசைவு தொடங்கிவிட்டால் அது முடியும்வரை ஆட்டக்காரர் உங்கள் சொல் கேட்பதில்லை. எதிராளியின் தோள் பட்டதும் ரிங்குக்கு அருகில் ஓடிவந்து போடும் லே-அப் தானாகவே தடுமாறும் அசைவுக்குள் போய்விடும். ஒற்றைப் பொத்தானில் பந்து கொடுத்தால் நீங்கள் நினைத்தவருக்குப் போகாமல் பக்கத்தில் நிற்பவருக்குப் போகும். இந்தக் கடைசிக் குறைக்கு மருந்து உண்டு. கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் தரும் ஐகான் பாஸ் முறையை முதல் நாளே பழகிவிட வேண்டும். கணினி ஆடும் உங்கள் கூட்டாளி, மூலையில் நிற்கும் நல்ல எறிவாளரை விட்டுவிட்டுத் தேவையில்லாமல் உள்ளே உதவிக்கு ஓடுவதற்கும் அமைப்புகளில் ஓரளவு திருத்தம் செய்யலாம். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை.

பொறுத்துக்கொள்ளக் கூடாதது என்று நான் கருதுவது பணம் பிடுங்கும் ஏற்பாட்டை. மைகரியர் என்ற பகுதியில் நீங்கள் உருவாக்கும் ஆட்டக்காரர் 60 என்ற அளவிலான தாழ்ந்த திறனோடு தொடங்குவார். அவருடைய எறிதல், ஓட்டம், காவல் எல்லாவற்றையும் உயர்த்த விசி என்ற ஆட்டக்காசு வேண்டும். ஆடி ஆடியும் சேர்க்கலாம், உண்மைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். அதே காசில்தான் சட்டையும் காலணியும் வாங்க வேண்டும். இணையத்தில் எதிரே நிற்பவர் பணம் கொடுத்து 90ஐத் தொட்டிருக்க, ஆடிச் சேர்க்கிற பதினாறு வயதுப் பையன் 70இல் நின்று அடிவாங்குவான். பிறகு அம்மாவின் கைப்பேசியில் யுபிஐ எண்ணைக் கேட்பான். மைடீம் என்ற, ஆட்டக்காரர்களின் படச்சீட்டுகளைச் சேர்க்கும் பகுதியில் இது இன்னும் கூடுதல். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பொட்டலங்களைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018இல் முடிவுசெய்த பிறகு, அந்த நாட்டில் அவற்றைப் பணத்துக்கு விற்பதை நிறுத்தினார்கள். 2020 அக்டோபரில், முழு விலை கொடுத்து வாங்கிய 2கே21இலேயே தாண்டிச் செல்ல முடியாத விளம்பரத்தை ஓடவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சர்வர் மூடப்படும் நாள். 2022 செப்டம்பரில் வந்த 2கே23இன் சர்வர்கள் 2024 டிசம்பர் 31இல் நிறுத்தப்பட்டன. அதற்கு முந்தைய 2கே22க்கு 2023 டிசம்பர் 31, 2கே21க்கு 2022 டிசம்பர் 31. அதாவது இணையத்தை நம்பி நிற்கும் பகுதிகளில் நீங்கள் கொட்டும் நேரத்துக்கும் பணத்துக்கும் இரண்டேகால் ஆண்டுதான் ஆயுள்.

மைஎன்பிஏ என்ற பகுதி இதற்கு நேர்மாறானது. ஓர் அணியின் பொறுப்பை எடுத்து, ஆட்டக்காரர்களை வாங்கி விற்று, பருவம் பருவமாக நடத்தலாம். இணையம் இல்லாமலே ஆடலாம், விசி தேவைப்படாது, சர்வர் மூடினாலும் உங்கள் சேமிப்பு உங்கள் கருவியிலேயே இருக்கும். 2கே23 முதல் இதில் பழைய காலகட்டங்களும் சேர்ந்தன. மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் மோதிய 1983ஆம் ஆண்டில் தொடங்கலாம், ஜோர்டனின் 1991, கோபி பிரயன்ட்டின் 2002 ஆகியவற்றில் தொடங்கலாம். 2கே24இல் லெப்ரான் காலமும், 2கே25இல் கர்ரியின் காலமும் சேர்ந்தன. 1983-84 பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டரைக்கும் குறைவான மூன்று புள்ளி முயற்சிகளே செய்தது. 2016-17இல் அது 27. இந்த மாற்றத்தை நான் வாயால் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகளுக்கு ஒரு எண்ணாகவே இருக்கும். பழைய காலத்தில் ஒரு பருவம் ஆடி, உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பத்துப் பேருக்கு நடுவில் பந்தைக் கொண்டுபோக முடியாமல் திணறிய பிறகுதான், ஆட்டக்காரர்களைப் பரவலாக நிறுத்துவது ஏன் என்பது என் மருமகனுக்கு உறைத்தது. ஆகவே, மைஎன்பிஏ-க்காக வாங்குங்கள், மைகரியருக்காக வாங்காதீர்கள் என்பதுதான் என் தீர்ப்பு. இதை ஏற்றுக்கொண்டால் இந்த ஆண்டுப் பதிப்புக்கு முழு விலை கொடுக்க வேண்டிய தேவையே அநேகமாக இல்லாமல் போகிறது.

இனிக் கருவிகளைப் பார்க்கலாம்.

கைப்பேசியில் 2018 முதல் இலவசமாகக் கிடைக்கும் 2கே மொபைல், பெயரில் மட்டுமே உறவு. அது படச்சீட்டுகளைச் சேர்க்கும் ஆட்டம், தொடுதிரையில் மேலே சொன்ன பிக் அண்ட் ரோல் நுணுக்கம் எதுவும் வராது. ஐபோன் இருப்பவர்களுக்கு ஆப்பிள் ஆர்கேடில் கிடைக்கும் பதிப்பு, உள்ளே எதையும் விற்காததால் அதைவிட நல்லது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கன்சோல் வாங்குவது மிகத் தொல்லையில்லாத வழி. பெட்டியைத் தொலைக்காட்சியில் மாட்டினால் ஆடத் தொடங்கிவிடலாம், இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் அண்ணனும் தம்பியும் ஒரே திரையில் ஆடலாம். 2கே24 முதல் பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவரும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் வைத்திருப்பவரும் இணையத்தில் சேர்ந்து ஆடவும் முடிகிறது. தடை விலைதான். 2021 பிப்ரவரியில் இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு அறிமுகமான வட்டுப் பொருத்தும் பிளேஸ்டேஷன் 5, 2022இல் 54,990 ஆனது. விலை ஏறுகிற பொருளே தவிர இறங்குகிற பொருளாக அது இருக்கவில்லை. கூடைப்பந்து ஒன்றுக்காக மட்டும் இவ்வளவு பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் மற்றவர்களும் வேறு ஆட்டங்களுக்காகப் பயன்படுத்துவார்கள் என்றால் கணக்கு மாறும். அப்போதும் வட்டு வசதி உள்ளதையே வாங்க வேண்டும். ஆடி முடித்த வட்டை விற்கலாம், இன்னொரு பையனுக்குக் கொடுக்கலாம்.

பழைய வட்டு வாங்குகிறவர்கள் மட்டும் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் பாதி விலைக்கு ஒரு பழைய பதிப்பை நான் வாங்கிவந்தேன். வட்டில் கீறல் ஒன்றுமில்லை, பெட்டி புதியதுபோல் இருந்தது, ஆனால் அதன் சர்வர் முந்தைய மாதமே மூடப்பட்டிருந்தது. கடைக்காரர் அதைச் சொல்லவும் இல்லை, கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எனக்கு வேண்டியது தனியாக ஆடும் பகுதிதான் என்பதால் நான் பிழைத்தேன். மைகரியர் ஆசையோடு ஒரு சிறுவன் தன் சேமிப்பில் அதை வாங்கியிருந்தால் அழுதிருப்பான்.

கணினிதான் மிகுந்த யோசனைக்குரியது. 2கே24 வரைக்கும் கணினிக்கு வந்தது பழைய தலைமுறைக் கன்சோல்களுக்கான பதிப்பு. புரோபிளே அசைவுகளும் இல்லை, காலகட்டங்களும் இல்லை. 2023 செப்டம்பரில் 2கே24 வெளியானபோது கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் குவிந்த எதிர்மறை மதிப்புரைகள் அதை அந்தத் தளத்தின் மிக மோசமாக மதிப்பிடப்பட்ட ஆட்டங்களுள் ஒன்றாக்கின. 2024 செப்டம்பரில் வந்த 2கே25இல்தான் புதிய தலைமுறைப் பதிப்பு முதன்முறையாகக் கணினிக்கும் கிடைத்தது. எனவே கணினியில் வாங்குகிறவர்களுக்கு ஒரு கறாரான எல்லைக்கோடு உண்டு: 2கே25க்கு முந்தையது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதிலிருந்து தொடங்கி, ஓர் ஆண்டு பழையதாகிவிட்ட பதிப்பைத் தள்ளுபடிக் காலத்தில் வாங்கினால் முழு விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். மிகவும் காத்திருக்கவும் கூடாது. உரிமம் சார்ந்த இந்த ஆட்டங்கள் சில ஆண்டுகளில் இணையக் கடையிலிருந்தே எடுக்கப்பட்டுவிடும். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் மட்டும் அவை இருக்கும்.

கணினி வழியின் தொல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலக மடிக்கணினியில் இது ஓடாது. 2கே25 கேட்கும் இடம் 150 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் உள்ள 40 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் அதை இறக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே இரவு தூங்கப் போகும்போது போட்டுவிட வேண்டும். விசைப்பலகையில் ஆடுவது வீண். பந்தைத் தட்டிக்கொண்டே நகரும் டிரிபிளிங்கின் நுணுக்கம் முழுவதும் வலது கட்டைவிரல் குச்சியில் இருப்பதால், கன்ட்ரோலர் விலையையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். கன்சோல் வைத்திருக்கும் நண்பர்களோடு கணினியிலிருந்து இணையத்தில் ஆட முடியாது என்பதும் பிள்ளைகளுக்குப் பெரிய குறை. கன்சோல் பக்கம் சாய்வதற்கு என் மருமகன் சொன்ன ஒரே வலுவான காரணமும் இதுதான்.

ஆனால் இணைய ஆட்டத்தைப் பற்றி நம் ஊர் அனுபவம் வேறு. ஷாட் மீட்டரில் சரியான தருணம் என்பது கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறியது. இணைப்பில் கொஞ்சம் தாமதம் சேர்ந்தாலே வீட்டில் தனியாகப் பழகிய விரல் பொய்த்துப்போகும். காற்றும் மழையுமான ஓர் இரவில், தென்னை ஓலை விழுந்து கேபிள் அறுந்து, நான்காவது கால்பகுதியில் ஒன்பது புள்ளி முன்னிலையில் இருந்த என் ஆட்டம் நின்றது. பாதியில் வெளியேறியவன் என்றே என் கணக்கில் ஏறியது. இணைப்புக் கொடுத்தவர் ஆள் அனுப்ப நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் நான் ஆடியது மைஎன்பிஏ.

அக்காள் வீட்டில் மூத்தவள் கட்டடக்கலை படிப்பதால் கிராஃபிக்ஸ் கார்டோடு ஒரு கணினி ஏற்கெனவே இருந்தது. அது எங்கள் முடிவை எளிதாக்கியது: கணினியில் 2கே25, தள்ளுபடி விலையில், கூடவே கம்பி உள்ள ஒரு சாதாரணக் கன்ட்ரோலர். அந்த வீட்டில் கணினி இல்லாதிருந்தால், ஓர் ஆண்டு பொறுத்து வட்டு வசதியுள்ள கன்சோலையே வாங்கச் சொல்லியிருப்பேன். ஸ்டீம் கணக்கு அக்காவின் பெயரில் திறக்கப்பட்டது, அதில் எந்த அட்டையும் சேமிக்கப்படவில்லை.

அமைப்புகளையும் நானே உட்கார்ந்து மாற்றிக்கொடுத்தேன். ஆட்டத்தின் ஒரு கால்பகுதிக்கு ஐந்து நிமிடம் வைத்தால் ஆட்டம் வெறும் ஓட்டப்பந்தயமாகிவிடும், பன்னிரண்டு வைத்தால் ஓர் ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். அதனால் எட்டு வைத்தோம். ஃபவுல் அளவைச் சற்று உயர்த்தி, களைப்பின் வேகத்தைக் கூட்டி, ஷாட் மீட்டரை முழுமையாக அணைத்துவிட்டேன். மீட்டர் இல்லாவிட்டால் எறிகிறவரின் கையையும் காலையும் பார்க்கத் தொடங்குவான் என்பது என் கணக்கு. முதல் வாரம் முழுவதும் "எதையும் பாக்காம எப்படி மாமா விடுறது" என்று முறையிட்டான். இப்போது 1983இல் பாஸ்டன் அணியை எடுத்து, ஐப்பசி மழை விடும் வரை என்று நேரம் குறித்து, நாளுக்கு ஓர் ஆட்டம் ஆடுகிறான். சனிக்கிழமை தளம் காய்ந்திருந்தால் மாலை ஐந்து மணிக்கு 6.75 மீட்டர் கோட்டுக்கு உள்ளே நின்று எறிகிறான்.